தயாரிப்பாளர்கள் படுத்துக் கிடந்த காடு

என் தங்கை கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர், குறும்படம் ஒன்று எடுக்கப் போவதாக இணையத்தில் அறிவித்தார். கையில் காசில்லை, ஊர்தான் கூடிப் போடவேண்டும், எவ்வளவு சின்னத் தொகை கொடுத்தாலும் திரையில் தயாரிப்பாளர் என்று பெயர் வரும் என்று எழுதியிருந்தார். திண்டுக்கல்லில் மின்சாரச் சாமான் கடை வைத்திருக்கும் எனக்கு அதுவரை எந்தப் பட்டமும் வாய்த்ததில்லை. உடனே பணம் அனுப்பினேன். ‘தயாரிப்பாளர்கள்’ என்ற வாட்ஸப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்.

குழு நாளுக்கு நாள் பெருத்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், கதாநாயகன் பீடி குடிக்கக் கூடாது என்றார். நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவர் படத்தில் தன் வேன் வரவேண்டும் என்றார். கதையோ, எல்லோரும் வெளியேறிய ஊரில் தனியாக மிஞ்சிய ஒருவனைப் பற்றியது.

“வேனுக்கு அதுல எடமே இல்லண்ணே” என்றார் இயக்குநர்.

“ஊரே காலி பண்ணிப் போகுதுல்ல தம்பி? நடந்தா போகும்?”



வேடசந்தூர் தாண்டி, சாலையை ஒட்டிய பொட்டல் காட்டில் படப்பிடிப்பு. யாரையும் அவர் அழைக்கவில்லை. ஆனால் காலையிலேயே அத்தனை தயாரிப்பாளர்களும் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டோம். என் மனைவி புளிசாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இருந்த ஒரே நாற்காலியில் தலைமையாசிரியை உட்கார்ந்தார். மற்றவர்கள் அதைச் சுற்றி நின்று, அவர் எழுந்திருப்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆளே இல்லாத நிலத்தில் கதாநாயகன் நிற்க, கேமரா அவனை முழுச் சுற்றாகச் சுற்றி வரவேண்டும். அது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தயாரிப்பாளர் நின்றார்.

“அண்ணே, செத்த நேரம் ரோட்டுக்கு அந்தாண்ட போய் நில்லுங்களேன்” என்று இயக்குநர் கெஞ்சினார்.

“நாங்க தயாரிப்பாளருங்கய்யா. ரோட்டுல நிக்கச் சொல்லுற?” என்று கொதித்தார் பூ வியாபாரி. எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஒளிந்துகொள்ளலாம் என்றால் அங்கே மரம்கூடக் கிடையாது. கடைசியில் இயக்குநர் கைகூப்பினார்: “அப்ப எல்லாரும் அப்பிடியே தரையில படுத்துருங்க. நீங்க படுத்தா கேமராவுக்குத் தெரியாது.”

படுத்தோம். நெருஞ்சி முள் முதுகில் ஏறியது. பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு மல்லாந்து கிடந்த பூ வியாபாரி, “தயாரிப்புன்னா இம்புட்டு செரமமா?” என்று கிசுகிசுத்தார். எனக்குத் தெரியவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

அப்போதுதான் சாலையில் மில் பஸ் ஒன்று வந்தது. காடு முழுக்க ஆணும் பெண்ணுமாகச் சாய்ந்து கிடக்க, நடுவில் ஒருவன் மட்டும் நிற்பதைப் பார்த்து ஓட்டுநர் பிரேக் போட்டார். தொழிலாளர்கள் தண்ணீர்ப் பாட்டில்களோடு ஓடிவந்தார்கள். ஒரு பெண், “யாத்தே, அம்புட்டுப் பேருமா!” என்று அலறினாள். எழுந்து விளக்கம் சொல்வதற்குள் என் முகத்தில் தண்ணீர் விழுந்தது. யாரோ ஆம்புலன்ஸுக்கும் சொல்லிவிட்டார்கள்.

ஆம்புலன்ஸில் வந்தவர் எழுந்து உட்கார்ந்திருந்த எங்களைக் கோபமாகப் பார்த்தார்.

“இங்க யாரு பொறுப்பு?”

தலைமையாசிரியை நாற்காலியை விட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

“நாங்க சும்மா வேடிக்கை பாக்க வந்தோம் சார்” என்றார் பூ வியாபாரி.

இயக்குநரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. “நான் தயாரிப்பாளருங்க” என்று கையைத் தூக்கினேன்.

“என்ன தயாரிக்கிறீங்க?”

அதுவும் எனக்குத் தெரியவில்லை. நனைந்த சட்டையோடு நின்றேன். என் மனைவி முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டு, அவருக்குப் புளிசாதம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, இரண்டு திட்டுத் திட்டிவிட்டுப் போனார்.

அவ்வளவு ரகளையிலும் ஒளிப்பதிவாளர் கேமராவை நிறுத்தவே இல்லையாம். தனியாக மிஞ்சியவனை நோக்கி ஒரு பஸ் ஜனமே தண்ணீரோடு ஓடிவருவதுதான் இப்போது படத்தின் கடைசிக் காட்சி. கல்யாண மண்டபத்தில் திரையிட்டபோது அதற்குக் கைதட்டல் விழுந்தது. பிறகு எங்கள் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. படத்தைவிட நீளமாக ஓடின. எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றதால், என் பெயர் வந்தபோது முன்னால் நின்றவரின் கைதான் எனக்குத் தெரிந்தது.