சிவப்பு ரிப்பன் வரிசைகள்

அத்தையின் கோதுமையைப் பூச்சி தின்ன வேண்டும். தின்றால்தான் அவள் படிப்பு முடியும். ஒன்பது வயதில் எனக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது.

சித்தேரி மலையைப் பார்த்த எங்கள் நிலத்தில் மஞ்சளும் மரவள்ளியும்தான் போடுவார்கள். அப்பாவின் தங்கை வேளாண் ஆராய்ச்சி மாணவி. குளிர் குறைந்த ஊரிலும் இந்தக் கோதுமை தேறுமா என்று பார்க்க, கால் ஏக்கர் கேட்டு வாங்கி விதைத்திருந்தாள். ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தின் மரபணுவைக் கோதுமையில் சேர்த்தால், இலைச்சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அவ்வளவாக அண்டாது. ஆனால் மாவு பிசினாகிவிடும். முந்தின வருஷம் கல்லூரி வயலில் விளைந்ததன் மாவில் அத்தை சுட்ட சப்பாத்தி கல்லை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்தாள். பூச்சியையும் தாங்கி, மாவும் ஒட்டாத ஒரு செடியை அத்தை அந்தப் பாத்திகளில் தேடிக்கொண்டிருந்தாள்.

பாத்திகளைச் சுற்றி நான்கு வரிசை சாதாரணக் கோதுமை. அதன் அடையாளக் குச்சிகளில் சிவப்பு ரிப்பன். அசுவினி முதலில் அங்கே பெருகி, பிறகு நடுவே போக வேண்டும். எந்தச் செடி தாங்குகிறது, எது விழுகிறது என்று பார்த்து எழுதுவதுதான் ஆராய்ச்சி.

வீட்டில் அப்பா வைத்ததுதான் சட்டம். தங்கைக்கு அவர் விட்டுக்கொடுத்தது அந்த ஒரு போகம். முடிவு வராவிட்டால் அரூர் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் இரண்டு முறை வந்து காபி குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தை மாதம் ரிப்பன் வரிசைகள் மஞ்சளித்துச் சுருண்டன. இலைக்கு அடியில் அசுவினி அப்பிக்கிடந்தது. பக்கத்து நிலத்துக்காரர் பைக்கை நிறுத்திச் சிரித்தார்.

"ரேஷன் கடையில கெடைக்கறத வயல்ல போட்டு, அதையும் பூச்சிக்குக் குடுக்கறீங்களே!"

"அது பூச்சிக்குன்னே வுட்டதுங்க," என்றார் அப்பா. "அதுல மருந்து பட்டா எந்தங்கச்சி படிப்பே போயிருமாம்."

அத்தை சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுவாரம் அத்தை நான்கு நாள் கல்லூரிக்குப் போனாள். அவள் பஸ் ஏறிய மறுநாள் காலையில் அப்பா மருந்தடிக்கும் டேங்க்கை முதுகில் மாட்டினார். தொட்டியிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியது நான்.

"அத்தகிட்ட சொல்லிறாத. வந்து பாத்து அசந்து போவட்டும்."

அவள் வரும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

அத்தை பையை வீட்டில் வைக்காமல் நேரே வயலுக்கு வந்தாள். பழுத்த இலைகளுக்கு மேலே புதுக் குருத்து விட்டிருந்தது. எல்லாச் செடிகளும் ஒன்றுபோலத் தெரிந்தன. அவள் குனிந்து ஓர் இலையைத் திருப்பினாள், பிறகு இன்னொன்றை. வரப்பு முனை வரை அப்படியே போனாள். என்னால் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். "எந்தப் பக்கத்துல இருந்து அடிக்க ஆரம்பிச்சாரு?"

"ரிப்பன் கட்டினதுலதான் அத்த. அதுக்கு மட்டும் ரெண்டு தடவ. ஒரு செடி வுடல."

அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது அப்பா பேச்சைத் தொடங்கினார். "பயிர் சாவறதப் பாத்துக்கிட்டு எப்படி இருக்கறது? நான் என்ன உன்னாட்டம் படிச்சவனா? எனக்கு என்ன தெரியும்?"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அவரைப் பார்த்தாள். பிறகு ஊற்றினாள்.

அத்தை தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "அரூர்க்காரங்கள வரச் சொல்லிருங்கண்ணா," என்றாள்.

பயிர் பிழைத்த சந்தோஷத்தில்தான் சம்மதிக்கிறாள் என்று நினைத்தேன். அதில் என் பங்கு விட்டுப்போய்விடக் கூடாதே என்று, தண்ணீர் சுமந்தது நான்தான் என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.