கன்டெய்னருக்குள் வேப்பிலை

எங்கள் அரிசி ஆலையின் முதல் கன்டெய்னர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு நின்ற நாட்களில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஆலைக்குப் போவேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவேன், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கும். கன்டெய்னர் போனால் போகிறது என்றுகூட விட்டுவிடலாம். ஆனால் நான் செய்த தப்புக்கு வேறொருத்தியின் வேலை போயிருந்தது. அதைச் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான்.

செஞ்சிக்காரர்களுக்குக் கடல் என்றால் மரக்காணத்துக்குப் பஸ் ஏற வேண்டும். நாங்கள் பார்த்து வளர்ந்ததெல்லாம் மலை, நெல், மார்க்கெட் கமிட்டி வாசலில் வரிசையாக நிற்கும் டிராக்டர்கள். என் வீட்டுக்காரர் விழுப்புரத்தில் நடந்த ஏற்றுமதிக் கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார், அன்றிலிருந்து வாயைத் திறந்தால் கப்பல்தான். நாட்டுக்கு இவ்வளவு நீளக் கடற்கரை இருக்கிறது, துறைமுகங்களைப் பெரிதாக்குகிறார்கள், கடல் பொருளாதாரம் என்றால் மீன் மட்டும் இல்லை, கப்பல் வந்து நின்றால் அதில் ஏற்ற உள்நாட்டிலிருந்து சரக்கு போக வேண்டும் என்று மேடையில் ஓர் அதிகாரி பேசியதை அப்படியே ஒப்பிப்பார். மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு கப்பல் வியாபாரமா என்று அவருடைய அண்ணன் தம்பிகள் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனாலும் நம் அரிசி கப்பல் ஏற வேண்டும் என்று அவரைவிட எனக்குத்தான் ஆசை அதிகம்.

சிங்கப்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் பொன்னி அரிசி கேட்டார். ஒரு கன்டெய்னர் நல்லபடியாக வந்தால் மாதாமாதம் எடுப்பதாகச் சொன்னார். துறைமுக வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட் ஆலைக்கே வந்து, மூட்டைக்குள் அரிசியைத் தவிர ஒரு தூசி இருக்கக்கூடாது, பூச்சிக்குக் கன்டெய்னருக்குள் மருந்துப் புகை போட்டுவிடுவோம் என்று படித்துப் படித்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்த வீட்டுக்கு அரிசி அனுப்பினால், நிழலில் காய்ந்த வேப்பிலை ஒரு பிடி போடாமல் மூட்டையைக் கட்ட மாட்டோம். எனக்குப் புகையில் நம்பிக்கை இல்லை. கடல் காற்றில் நாள் கணக்காகப் போகிற அரிசி, வண்டு வைத்துவிட்டால் முதல் சரக்கிலேயே பெயர் கெட்டுவிடும் என்று மனம் அடித்துக்கொண்டது. கடைசி நாள், என் வீட்டுக்காரர் லாரி பேச வெளியே போன நேரம், ஒரு கூடை வேப்பிலையோடு மூட்டை தைக்கிற இடத்துக்குப் போனேன்.

அங்கே தைக்கிறவள் அனந்தபுரத்துக்காரி. பத்து வருஷத்துக்கு மேல் எங்களிடம் இருக்கிறாள். புருஷன் இல்லை. அவள் கொண்டுபோகும் கூலியில்தான் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இலையைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள்.

“அண்ணனுக்குத் தெரியுமாக்கா?”

“நான் பாத்துக்கறேன், நீ தை.”

முப்பது நாற்பது மூட்டைகளில் போட்டிருப்பேன். மறுநாள் கன்டெய்னருக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்து அனுப்பினோம். அவர் லாரி முன்னால் நின்று போட்டோ எடுத்து, முன்பு சிரித்த அத்தனை பேருக்கும் அனுப்பினார்.

நான்காம் நாள் ஏஜென்ட் போன் செய்தார். துறைமுகத்தில் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்ததில் காய்ந்த இலை இருந்ததாம். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கில் இலை தழை போகக்கூடாது. எல்லாவற்றையும் இறக்கி, சலித்து, மறுபடியும் புகை போட்டு, புதிதாகச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது கிடைக்குமா என்று சொல்ல முடியாது என்றார். நாங்கள் பிடிக்க வேண்டிய கப்பல் கிளம்பிவிட்டது.

என் வீட்டுக்காரர் அத்தனை பேர் முன்னாலும் தையல்காரியைக் கூப்பிட்டார்.

“இன்னா எல அது? எவ போட்டது?”

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அந்த ஆலையில் எல்லோரையும் அதட்டுகிறவள் நான். அன்றைக்குக் குனிந்து காலிச் சாக்குகளை மடிக்க ஆரம்பித்தேன். நான்தான் என்று சொன்னால் இந்த மனிதர் என்னை என்ன நினைப்பார், என் ஓரகத்திகள் எப்படிச் சிரிப்பார்கள் என்றுதான் மனம் ஓடியது. நாளையிலிருந்து வராதே என்று அவளிடம் சொல்லிவிட்டார். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு போனும் கையுமாகத்தான் இருந்தேன். கப்பல்கள் போகிற இடத்தைக் காட்டும் ஆப் ஒன்றை அவர் போட்டு வைத்திருந்தார். நாங்கள் தவறவிட்ட கப்பல் எங்கள் ஊருக்கு நேர் கிழக்கே தெற்கு நோக்கிப் போவதைப் பார்த்தேன். அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் தையல்காரியைத் திட்டுவார். ஒவ்வொரு வசவும் எனக்கு விழுந்தது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று சாம்பார் ஊற்றுவேன், ரசம் ஊற்றுவேன், மோரும் ஊற்றிவிடுவேன். அவர் கை கழுவிக்கொண்டு எழுந்துவிடுவார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில், சான்றிதழ் கிடைத்து கன்டெய்னர் வேறு கப்பலில் ஏறிவிட்டது என்று செய்தி வந்தது. அவர் ஆலை முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் இருந்தவரிடம்தான் சொன்னேன். கையிலிருந்த மைசூர்பாகுத் தட்டைக் கீழே வைத்தார். அப்புறம், “சரி, அவள வரச் சொல்லிடு” என்றார். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை நாள் செத்துப் பிழைத்தேன் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மறுநாள் அனந்தபுரம் போனேன். வாசலில் கொட்டாங்கச்சி எரியும் அடுப்பில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, உடைக்கிற வேலைக்குப் போகிறாளாம், கூலி பாதிதான், மகளை ஒரு மாதம் படிக்கப் போகாமல் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறாளாம். நான் அண்ணனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், நாளைக்கே வந்துவிடு என்றேன்.

“எப்போக்கா சொன்னீங்க?”

நேற்று என்றேன்.

“அரிசி கப்பல்ல எப்போ ஏறிச்சு?”

அதுவும் நேற்றுதான் என்றேன்.

அவள் கொட்டாங்கச்சியை அடுப்புக்குள் தள்ளி விட்டுக்கொண்டே கேட்டாள்.

“ஏறாம போயிருந்தா?”

நான் எழுந்து நின்றேன். சொல்லியிருக்க மாட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டாள்.