ஜொகூர்க் கழிமுகத்தில் ஆறு ஏக்கர்

1958. காலை ஆறரை மணிக்குச் சிங்கப்பூர் தேக்காவில் பஸ் ஏறினோம். என்னுடன் வந்தவர் நிலத் தரகர் மாணிக்கம். ஜொகூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஆறு ஏக்கர் மலிவாக வந்திருக்கிறது என்று ஒரு மாதமாக என் தையல்கடை வாசலைத் தேய்த்தவர். பத்தொன்பது வருடம் மிஷின் மிதித்துச் சேர்த்ததை மறுநாள் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. துணியையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குகிறவன் நான். நிலத்தைப் பார்க்காமல் விடுவேனா?

சாங்கி பதினான்கு மைல். அங்கிருந்து படகுக்கு எட்டு வெள்ளி வாடகை. படகுக்காரர் பாக் மான் என்ற மலாய்க்காரர். தேக்கோங் தீவைத் தாண்டியதும் ஆற்றின் வாய் பாவாடை விளிம்புபோல் விரிந்தது. அக்கரை வெறும் பச்சைக் கோடு. ஆற்றின் செந்நீரும் கடலின் பச்சை நீரும் கலக்காமல் நெடுந்தூரம் ஒட்டியே ஓடின. நடுவே வண்டல் மேடுகள். கரையில் சதுப்புக்காடு, வேரெல்லாம் வெளியே தெரிய நின்றது.

பத்தரைக்கு இறங்கினோம். கறுப்பு மண், நாலு மூலையிலும் முளைக்குச்சி.

"பாத்தீங்களா அண்ணே, என்னா கொழுத்த மண்ணு!" என்றார் மாணிக்கம். தென்னை வைக்கலாம் என்று இவர் சொன்ன நிலத்தில் இத்தனை நண்டு வளை எதற்கு என்று எனக்கு உறுத்தியது.

பதினொன்றரைக்குப் பாக் மான் நீரைப் பார்த்து, "ஆயர் மாத்தி" என்றார். ஆயர் என்றால் தண்ணீர், மாத்தி என்றால் சாவு. அந்த அளவு கடைத்தெரு மலாய் எங்களுக்கும் தெரியும். மாணிக்கத்தின் முகம் வெளிறியது.

"இந்தத் தண்ணில ஆளு செத்துருக்காங்களாம் அண்ணே! போயிடலாம் லா!"

நான் எதையோ பார்த்துவிடுமுன் இருவரும் பேசிவைத்துக்கொண்டு என்னை விரட்டுகிறார்களோ? ஆனால் சாவைச் சொன்னவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார். பயந்தவன் இப்படியா உட்காருவான்?

"நான் வரல. இருந்து பாப்போம்" என்றேன்.

பாக் மான் கையை ஆட்டிக் காட்டி விளக்கினார். கடல் வற்றி முடிந்து, திரும்ப ஏறுமுன் நீர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். அதற்குத்தான் அந்தப் பெயர். பிறகு கடல் ஆற்றுக்குள் ஏறிவந்தது. நாங்கள் படகில் ஏறிக்கொண்டோம். இரண்டு மணிக்கு முளைக்குச்சிகளின் தலை மட்டும் தெரிந்தது. மூன்று மணிக்கு அதுவும் இல்லை.

ஆத்திரத்தோடு தரகர் பக்கம் திரும்பினேன்.

"பக்கத்து மூணு ஏக்கர் என்னுது அண்ணே" என்றார். "எனக்கு வித்தவன் தண்ணி வத்தினப்ப காட்டிட்டு உடனே திருப்பிக் கூட்டிட்டுப் போயிட்டான்."

திரும்பும் பஸ்ஸில் முழுக்க அழுதுகொண்டே வந்தார். நிஜமா, நடிப்பா என்று ஓரக்கண்ணால் பார்த்தபடியே வந்தேன். என் பணம் தப்பியதில் சந்தோஷம்தான், மறைப்பானேன்? தேக்காவில் இறங்கியதும், "என் சம்சாரத்துக்கிட்ட நீங்க வந்து சொல்றீங்களா?" என்று கேட்டார். போனேன், அவர் சொன்னது உண்மைதானா என்று பார்க்க.

கதவைத் திறந்த பெண் என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பானாள்.

"நம்ம பக்கத்து நிலம் நீங்கதானே வாங்குறீங்க? உள்ள வாங்க அண்ணே!"