பாலத்துக்கு அடியில் போகாத பஸ்

அப்பா மோட்டார் சைக்கிளைத் திருப்புவதைப் பார்த்தால், அதன் பின்னால் நாற்பதடிக்கு இன்னும் ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். வலது ஓரம் வரைக்கும் அகலமாகப் போய், பின்சக்கரம் எதன் மேலும் ஏறாது என்று உறுதியான பிறகுதான் இடது பக்கம் ஒடிப்பார்.

பின்னால் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நர்ஸ் படிப்பை முடித்து, வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்து வாங்கிய வேலை. சாயங்காலம் நாலு மணிக்குள் மலையடிவார ஆஸ்பத்திரியில் போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரே பஸ்ஸைப் போன மாதம்தான் நிறுத்தியிருந்தார்கள். லாபம் இல்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் லாபம் தேடுகிற மூளையை எந்தப் பட்டறையில் வார்த்தெடுத்தார்களோ.

அந்தப் பஸ்ஸைக் காலமெல்லாம் ஓட்டியவர் அப்பா. டிப்போவில் அவருக்குப் பெயரே 'பிரேக்கு'. எவர் கை காட்டினாலும் நிற்பார். நெற்றி வியர்வையைத் துடைக்க எவராவது கையைத் தூக்கினாலும் நிற்பார். தாமதத்துக்கு மெமோ வாங்கிக்கொண்டே இருந்தார், நின்றுகொண்டும் இருந்தார். பஸ்ஸோடு சேர்த்து அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முதல் ஊரில் நேராகப் பஸ் நிலையத்துக்குள் விட்டு, ஒரு முழு வட்டம் அடித்து, பழைய இடத்தில் போய் நிறுத்தினார்.

"இங்க எதுக்குப்பா வந்தோம்?"

"உள்ள வராம போனா டைம்கீப்பர் எழுதிடுவான்ம்மா."

"பைக்கையா?"

அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த ஊரிலும் உள்ளே போய்விட்டு அதேபோல் கடித்துக்கொண்டார். மூன்றாவது ஊரில் டீக்கடைக்காரர், கேட்காமலே டீயோடு ஓடிவந்து, "என்ன பிரேக்கு, வண்டி ரொம்ப இளைச்சுப் போச்சு?" என்றார். அப்பா ரசித்துக் குடித்தார். மகள் பல்லைக் கடித்தாள்.

ஊரைத் தாண்டியதும் ரயில் பாலம் வந்தது. அடியில் நுழைந்தால் பாதித் தூரம் மிச்சம். அப்பா அதை விட்டுவிட்டுச் சுற்றுப்பாதையில் திரும்பினார்.

"ஏம்ப்பா, பாலத்துக்கு அடியில போகலாமே."

"தட்டும்மா."

"எது தட்டும்?"

"மேல்கூரை."

மகள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி முன்னால் வந்து நின்றாள்.

"எறங்கு. நான் ஓட்டறேன்."

பின்னால் உட்கார்ந்து அப்பாவுக்குப் பழக்கமில்லை. இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். வழியில் இரண்டு நிறுத்தங்களில் ஜனங்கள் பஸ்ஸுக்காகக் காத்து நின்றார்கள். பஸ் நின்றுபோன அறிவிப்பை டிப்போ சுவரில் ஒட்டியிருந்தார்கள். டிப்போக்காரர்கள் தவறாமல் படித்திருப்பார்கள். மகள் நிற்காமல் போனாள்.

மூன்றாவது நிறுத்தத்தில் அப்பா அவள் தோளைத் தட்டினார். "நிறுத்தும்மா."

"நேரம் ஆச்சுப்பா. என் வேலை போயிடும்."

"அந்தப் பொண்ணு கையில கொழந்தை தலை தொங்குது பாரு."

நிறுத்தினாள். குழந்தையின் கழுத்தில் கை வைத்தாள். கொதித்தது.

"எப்பலேருந்து நிக்கறீங்க?"

"காலையிலேருந்து. பஸ் இதோ வந்துடும்னு சொன்னாங்க."

தாயை நடுவில் ஏற்றி, பெட்டியை அப்பாவின் தலையில் வைத்து, குண்டும் குழியுமான பாதையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி வாசலில் கிளார்க் அலுவலக அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"கொழந்தைக்குக் காய்ச்சல். யாராவது இருக்காங்களா?"

"டாக்டர் நாளைக்குத்தான். நர்ஸ் ஒருத்தங்க இன்னிக்கு வரணும், வரலை."

"நான்தான் சார் அந்த நர்ஸ்."

கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு தாண்டிடுச்சேம்மா. ஆள் வரலைன்னு எழுதி மூடிட்டேன். இனி மேலிடத்துலதான் கேக்கணும்."

"நான் உங்க முன்னாடி நிக்கறேன்."

"நிக்கறீங்க. ஆனா வரலையே."

இந்த ஆளோடு வாதாடுவது சுவரில் முட்டிக்கொள்வது. குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கையைக் கழுவி, துணியை நனைத்து, குழந்தையின் உடம்பைத் துடைக்கத் தொடங்கினாள். வெளியே கிளார்க்கின் கார் கிளம்பும் சத்தம், பிறகு ஹாரன். எட்டிப் பார்த்தால், மோட்டார் சைக்கிள் வெளிவாசல் கேட்டுக்குக் குறுக்கே நிற்கிறது. அதன் மேல் அப்பா.

"பெரியவரே, வண்டிய எடுங்க."

"ஸ்டார்ட் ஆகலை தம்பி."

"நல்லாத்தானே ஓட்டிட்டு வந்தாங்க?"

"இப்பதான் போச்சு."

"அப்ப தள்ளுங்க."

"அந்த 'வரலை'ய அடிச்சுட்டு 'வந்தாச்சு'ன்னு எழுதுங்க. தானா ஸ்டார்ட் ஆகும்."

கிளார்க் ஹாரனை அழுத்தியபடியே இருந்தார். மயங்கிக் கிடந்த குழந்தை வீரிட்டது. மகள் ஈரக் கையோடு ஜன்னலுக்கு வந்தாள்.

"சார், இது ஆஸ்பத்திரி. சத்தம் போடாதீங்க."

ஹாரன் நின்றது. காரை அணைத்துவிட்டு இறங்கிய கிளார்க், முணுமுணுத்தபடி சட்டைப் பையில் அலுவலகச் சாவியைத் துழாவினார்.