நோய்க் கட்டத்தில் எழுதிய வெள்ளைக் காளான்

1991 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. காலை 6.50க்கு அம்பிட்டிய வீட்டிலிருந்து புறப்பட்டு, 7.40க்குப் பேராதனைப் பக்கத்திலிருந்த நாற்றுமேடையை அடைந்தேன். அங்கே நான் ரிஜிஸ்டர் எழுதும் கிளார்க். வெப்பமானி 24 பாகை. தண்ணீர்த் தொட்டி முக்கால். எழுதிவிட்டு, கண்ணாடிக் கூரைக்கடியில் இருந்த அந்தூரியம் பூச்சாடிகளை வரிசையாகப் பார்த்து வந்தேன்.

மூன்றாம் வரிசையில் 63 சாடிகளில் காளான் முளைத்திருந்தது. சுண்டுவிரல் உயரம், வெள்ளை நிறம், குடைமேல் மாவு தூவினாற்போன்ற செதில். முந்தின நாள் ஒன்றுகூட இல்லை. ரிஜிஸ்டரில் 'பூச்சி', 'நோய்' என்று இரண்டே கட்டங்கள். காளான் பூச்சியல்ல. ஆகவே நோய்க் கட்டத்தில் 'வெள்ளைக் காளான், 63' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பத்து மணிக்கு மெனேஜர் அதை வாசித்தார். முந்தின வருடம் வேரழுகலில் ஒரு கொட்டகைச் செடிகள் முழுவதையும் இழந்தவர் அவர். 63 சாடிகளையும் மறுநாள் எரிக்கச் சொன்னார். நோய் கலவையில்தான் வந்தது என்று, சாடிகளுக்கு எருவும் தேங்காய்த் தும்புத்தூளும் கலக்கும் லெட்சுமியை இனி வரவேண்டாம் என்றார். லெட்சுமி கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து வருபவள். மூன்று பிள்ளைகளுக்கு அவள் ஒருத்தியின் சம்பளம்தான்.

போகுமுன் என் மேசைக்கு வந்தாள்.

"இது எருவத் திங்கிற காளான், ஐயா. செடியத் தொடாது. ஒரு சாடியக் கவுத்துப் பாருங்க. யாரு இத நோயின்னு எழுதுனது?"

நான் ரிஜிஸ்டரை மூடி வைத்தேன். அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மதியம் ஆறு சாடிகளைக் கவிழ்த்தேன். காளானின் வெள்ளை இழைகள் மக்கிய தும்புத்தூளைத்தான் பற்றியிருந்தன. வேர்களைக் கழுவினேன். எல்லாம் உறுதியாக இருந்தன. அழுகல் வாடையே இல்லை. காளான் முளைக்காத ஆறு செடிகளின் வேர்களையும் பக்கத்தில் வைத்து மெனேஜரை அழைத்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு வேரை நகத்தால் கீறி முகர்ந்தார்.

"நோய் எண்டு எழுதினது நீர்தானே?"

"நான்தான் சேர். எழுத வேற கட்டம் இருக்கல்ல."

"உம்மடை கையெழுத்து வடிவு. வடிவா எழுதின பிழையை ஒருத்தரும் திருப்பிக் கேக்க மாட்டினம்." வேரைக் கீழே வைத்தார். "எரிக்க வேண்டாம். காளானைப் பிடுங்கிப்போட்டுத் தண்ணியைக் குறைச்சு விடும். லெட்சுமியைத் திரும்ப வரச் சொல்லும்."

புதிதாக ரிஜிஸ்டர் எழுத வருகிறவர்களுக்கு இதை மட்டும் சொல்வேன்: பொருத்தமான கட்டம் இல்லாவிட்டால் கண்டதைப் பக்க ஓரத்தில் எழுதுங்கள். இருக்கிற கட்டத்துக்காகப் பெயர் வைக்காதீர்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, கலஹாவுக்கு முதல் பஸ்ஸில் போனேன். லெட்சுமி தோட்டத்தில் கொழுந்தெடுக்க வேலை கேட்கப் புறப்பட்டு லயத்து வீட்டு வாசலில் நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். நோய் என்று எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"நேத்தே ஒங்க மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சே," என்றாள். "நில்லுங்க, பகல் சோத்த எடுத்துக்கிட்டு ஒங்களோடயே வாறேன்."