சீழ் வைக்காத புண்

தம்பிக்கு வெள்ளித் தாயத்து தயாராக இருந்தது. அதற்குள் வைக்க வேண்டிய தொப்புள்கொடிதான் விழவில்லை. மற்றக் குழந்தைகளுக்கு ஒரு வாரம், பத்து நாளில் காய்ந்து உதிர்வது இவனுக்கு மாதம் தாண்டியும் ஒட்டிக்கொண்டிருந்தது. கொடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டிய பிறகே பேர் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் அவனுக்குப் பேரும் இல்லை.

சித்திக்கு இதில் பெருமை. "இறுக்கிப் பிடிச்சிருக்கான் பாரு, ஆயுசு கெட்டி" என்றாள். அப்புறம் தொப்புளைச் சுற்றிச் சிவந்து புண்ணானது. ஒரு சொட்டுச் சீழ் இல்லை. சீழ் வைக்காத புண் தானாக ஆறிவிடும் என்று வீடே நம்பி மஞ்சள் பற்றுப் போட்டது. புண் கறுத்தது, காய்ச்சல் ஏறியது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற கையோடு பிள்ளையைத் தூக்கியதால்தான் என்று அம்மா அப்பாவைக் கரித்துக் கொட்டினாள். அன்றிலிருந்து அப்பா கதவோரம் நின்றுதான் அவனைப் பார்த்தார். மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் புண்ணைப் பார்த்ததுமே டாக்டரம்மாவின் முகம் மாறியது. "சீழ் வைக்காததுதாங்க பயமா இருக்கு" என்றார். கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணு ரத்தத்தில் ஏகத்துக்கு இருக்கிறதாம். ஆனால் ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றி வெளியேறிப் புண்ணுக்குப் போக அதற்குப் பிறவியிலேயே பிடிமானம் இல்லையாம்.

"வேன் நெறைய ஆளு வந்தும் கம்பெனி வாசல்ல எறங்க முடியலங்கிறீக" என்றார் அப்பா. பிறகு மெதுவாக, "எங் கை மருந்தாலயாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

அம்மாவுக்கு அப்பா அத்தை மகன். அப்பா அதைப் பெருமையாகவே சொன்னார். தாய், தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே பழுது இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு இந்த நோய் என்று டாக்டரம்மா விளக்கியபோது, அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். வெள்ளையணு ஊறும் எலும்பு மஜ்ஜையை வேறொருவரிடமிருந்து எடுத்து ஏற்றாவிட்டால் தம்பி தங்க மாட்டான். கூடப் பிறந்தவருடையது பொருந்தினால் நல்லது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

பொருந்தியது. "அந்தப் பழுது இவகிட்டயும் ஒரு பங்கு இருக்கு. இவள ஒன்னும் செய்யாது, தம்பிக்குக் குடுக்கலாம். பின்னால கல்யாணத்துக்கு மட்டும் சொந்தத்துல பாக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. 'குடுக்கலாம்' என்பது மட்டுமே என் காதில் விழுந்தது.

சென்னையில் மயக்கம் கொடுத்து என் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். விழித்ததும் வலியில் ஊரைக் கூட்டினேன். தம்பி மாதக்கணக்கில் கண்ணாடி அறைக்குள் கிடந்து, ஒருவழியாகப் பிழைத்தான்.

எங்கள் ஊர் ஆமத்தூருக்குத் திரும்பிய அன்றே அம்மாவின் அண்ணன் பலகாரத்தோடு வந்தார். தாய் தகப்பன் இல்லாத அம்மாவை வளர்த்து ஆளாக்கியவர் அந்த மாமாதான். அவர் மகனுக்குத்தான் நான் என்பது நான் பிறந்தபோதே பேசி வைத்தது.

"எங்க வீட்டுக்கு வரப்போற மருமகளுல்ல உசுரு குடுத்திருக்கா" என்று என் தலையைத் தடவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அம்மா சோறு போட்டாள். பிறகு டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொல்லி, "அண்ணே, இவள உங்க வீட்டுக்குத் தரமாட்டேன். மனசுல வச்சுக்கிடாதீக" என்றாள்.

மாமாவின் கை இலையில் நின்றது. "நம்ம ரத்தத்துல நோவுன்னு எனக்கே சொல்லுதியா?" என்றார். ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்து போனார்.

அதற்குப் பின் அவர் வரவில்லை. பொங்கலுக்குச் சீர் வரவில்லை. 'மாமா எப்பம்மா வருவாக' என்று நான் நச்சரிப்பேன். 'வருவாக' என்று சொல்லிவிட்டு அம்மா வேலையைப் பார்ப்பாள். தம்பிதான் பிழைத்துவிட்டானே, இன்னும் எதற்கு இந்த வீம்பு என்று எனக்கு ஆத்திரமாக வரும். தம்பிக்குப் பின்னால் இன்னும் பிறக்காத என் பிள்ளைகள் வரிசையில் நின்றதும், அவர்களுக்காகத்தான் அவள் தன் அண்ணனை விட்டுக்கொடுத்தாள் என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.