சங்குக்கு ஒரு மாத்திரை

சின்னம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. கிர்க்கி படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில் அதற்குத் தேவையும் ஏற்படவில்லை. காலைச் சங்கு ஊதினால் கணவர் கோவிந்தராஜ் வேலைக்குப் போவார். மாலைச் சங்கு ஊதினால் திரும்புவார். உலை வைப்பதும் குழாயடிக்குப் போவதும் அதையொட்டியே நடந்தன. ஆரணியிலிருந்து வாழவந்த அவளுக்கு, இந்த ஊரில் மராத்தியோ இந்தியோ பேசாத ஒரே அதிகாரம் அந்தச் சங்குதான்.

மகள் லீலாவோ சங்கு ஊதத் தொடங்கியதும் வாசலுக்கு ஓடி, கழுத்து நரம்பு புடைக்க அதனோடு சேர்ந்து ஊளையிடுவாள். தடுத்தால் கடிப்பாள். எட்டு வயதாகியும் சேர்ந்தாற்போல் நான்கு சொல் பேச வரவில்லை. பள்ளிக்கூடம் அவளை ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பிவிட்டது. 1962ஆம் ஆண்டுக் கோடையில் பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரியின் கைக்குழந்தையைத் தொட்டிலோடு கவிழ்த்தாள். குடியிருப்பு அதிகாரி கோவிந்தராஜை அழைத்தார். இன்னொரு புகார் வந்தால் பெண்ணை ஏரவாடா மனநோய் மருத்துவமனையில் விட வேண்டும், இல்லையேல் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார்.

அதன் பிறகுதான் தொழிற்சாலை மருந்தகத்து டாக்டர் கிருஷ்ணஸ்வாமியிடம் போனார்கள். சீமையிலிருந்து புதிதாக வந்திருந்த மாத்திரையை அவர் கொடுத்தார்.

"ரெண்டு வேளைம்மா. கடிகாரம் இருக்கா வீட்டுல?"

"இல்லீங்கய்யா. சங்குதான்."

"அப்பச் சரி. சங்குக்கு ஒண்ணு. மறக்கவே மறக்காது."

அவள் மறக்கவில்லை. லீலாவின் ஊளை கொஞ்சம் குறைந்தது, கடிப்பது குறையவில்லை.

அந்த ஆண்டு ஐப்பசியில் எல்லையில் சீனப் போர் மூண்டது. தொழிற்சாலை இராப்பகலாக ஓடத் தொடங்கியது. இரண்டு சங்கு நான்காயிற்று. சின்னம்மா ஒன்றையும் தவறவிடவில்லை; உறங்கும் பிள்ளையை எழுப்பியும் கொடுத்தாள்.

லீலா அடங்கினாள். உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"இதுதான்டி மருந்து! இப்பத்தான் பொண்ணு பொண்ணாட்டம் இருக்குது" என்று ஆரோக்கியமேரி முதன்முறையாக ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்தாள். கோவிந்தராஜ் மகளைத் தோளில் தூக்கிக் கடைவீதிக்குப் போய்வந்தார். அந்தக் குடும்பம் கண்ட நல்ல நாட்கள் அவைதாம். லீலாவின் கன்னத்தில் விழுங்கப்படாத சோறு தங்கியிருந்ததையும், பாவாடை எச்சிலில் நனைந்துகொண்டே இருந்ததையும் சின்னம்மா மட்டும் பார்த்தாள்.

மாத்திரை முன்னதாகவே தீர்ந்தது. மருந்தகத்தில் கேட்கப் போனபோது டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்குள்ளயா? எத்தனை குடுக்கற நீ?"

"சங்குக்கு ஒண்ணுங்க. இப்ப நாலு ஊதுதுங்களே."

"நாலா! யாரும்மா குடுக்கச் சொன்னது?"

"நீங்கதானுங்க."

அவர் முகம் சிவந்தது. "சண்டை வரும்னு நான் என்ன கனவா கண்டேன்? பொழுது விடிஞ்சா ஒண்ணு, சாஞ்சா ஒண்ணு. அவ்வளவுதான். பிள்ளைக்கு மூச்சே நின்னு போயிருக்கும், தெரியுமா?"

அன்றிலிருந்து இரண்டுதான். சில நாட்களில் லீலா விழித்துக்கொண்டாள். ஒரு காலை தாயின் முகத்தைத் தடவி "அம்மா" என்றாள். அன்று மதியமே ஆரோக்கியமேரியின் ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சாச்சா? மாத்திரைய நீ தின்னுட்டியா, இல்ல உன் ஊட்டுக்காரன் தின்னுட்டானா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. மறுநாள் புகார் போயிற்று. அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார்.

"நாலே குடு" என்றார் கோவிந்தராஜ்.

"டாக்டரு மூச்சு நின்னுரும்னாருங்க."

"நின்னுச்சா? நல்லாத்தானே இருந்தா. ஊரே மெச்சுச்சு. ஏரவாடாவுக்கு நீ கூட்டிட்டுப் போறியா, நான் கூட்டிட்டுப் போகட்டா?"

சின்னம்மா மாத்திரையைக் கூட்டவில்லை. இரண்டு நாள் கதவை அடைத்துப் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முன்கை முழுவதும் பல் பதிந்தது.

அதிகாரி வரவிருந்த நாளில் நடுப்பகல் சங்கு ஊதியது. லீலா கதவை உதைத்து ஊளையிட்டாள். சின்னம்மா எழுந்து மாடத்திலிருந்த புட்டியைத் திறந்தாள். முன்பு கொடுத்தபோது தான் செய்வது அவளுக்குத் தெரியாது. இப்போது தெரியும். ஒன்றைக் கொடுத்தாள், சற்றுப் பொறுத்து இன்னொன்றையும் கொடுத்தாள்.

அதிகாரி வந்தபோது லீலா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார். "அச்சீ பச்சீ ஹை" என்று இந்தியில் மெச்சினார். இத்தனை நல்ல குழந்தைமேல் புகாரா என்று வாசலில் நின்ற ஆரோக்கியமேரியைக் கடிந்துகொண்டார். வீடு நிலைத்தது. ஏரவாடாப் பேச்சும் அடங்கியது.

போர் நின்ற பிறகும் தொழிற்சாலையில் நான்கு சங்கும் தொடர்ந்தன. தீர்ந்துபோகும் மாத்திரையைக் கோவிந்தராஜ் வெளிக்கடையில் வாங்கிவந்தார். லீலா வாசலுக்கு ஓடுவதை விட்டுவிட்டாள். சங்கு ஊதத் தொடங்கியதும் இருந்த இடத்திலிருந்தே தாயின் பக்கம் திரும்பி, ஒலியின்றி வாயைத் திறந்து காத்திருந்தாள்.